உங்கள் பாதி பிக்கப்பை வந்து எடுத்துச் செல்லவும்

வெஸ்ட் ஃபோர்க், நெப்ராஸ்கா
ஏப்ரல் மாதம், மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை

பெருமதிப்புக்குரிய மைத்துனர் லோவெல் அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் தங்கை வெல்டாவின் கணவன் எல்டன் வோபோரில் மிகுந்த பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் துணைவியாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்றும், வயோமிங் காற்று இந்த வருஷமாவது தங்கள் வீட்டுக் கூரையை அதனிடத்தில் விட்டுவைத்திருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நாங்கள் சுகம். கொஞ்சம் சத்தமான சுகம். அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. காது மந்தமானதிலிருந்து வெல்டாவுக்குக் கண் கூர்மையாகிவிட்டது. நான் சமையலறையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றால், தோட்டத்தில் வெங்காயம் நட்டுக்கொண்டிருப்பவள் ஜன்னல் வழியாக என் உதட்டைப் பார்த்தே பாதியைப் படித்துவிடுகிறாள். மீதிப் பாதியை அவளாகவே இட்டுக்கட்டிக்கொள்கிறாள். அந்த இட்டுக்கட்டிய பாதிக்குத்தான் எனக்கு அதிகம் திட்டு விழுகிறது. ஆகவே பேனா. எழுதும்போதும் எனக்கு உதடு அசையும் என்று சொல்கிறாள், அதனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் தகப்பனார் போகும்போது அந்தப் பழைய பச்சைப் பிக்கப் வண்டியைத் தங்களுக்கும் வெல்டாவுக்கும் சரிபாதியாக விட்டுப்போனார். தாங்கள் தங்கள் பாதியை எடுத்துக்கொள்ளாமலே ஷெரிடனுக்குக் குடிபோனீர்கள். எந்தப் பாதி தங்களுடையது, முன்பக்கமா பின்பக்கமா என்று இத்தனை காலம் நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். முன்பக்கம்தான் என்று தயவுசெய்து சொல்லுங்கள். எஞ்சின் அங்கேதான் இருக்கிறது. வந்து எடுத்துச் செல்லுங்கள். பின்பக்கமும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் எப்படிப்பட்ட மனிதன் என்று தங்களுக்குத் தெரியும். வேலை பார்த்த காலமெல்லாம் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போட்டவன். ஏற்றும் சத்தம், இறக்கும் சத்தம், தூசி உறிஞ்சும் விசிறியின் சத்தம் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு, ஓய்வு பெற்ற பிறகு தெற்கு ஜன்னலோரம் ஒரு மேஜை போட்டு, துண்டுத் துண்டாக இருக்கும் படங்களைச் சேர்த்துப் பொருத்திக்கொண்டு, ஈரமான புல்வெளியை வேடிக்கை பார்த்துக்கொண்டு, யாரும் எதையும் உரக்கச் சொல்லாத ஒரு வாழ்க்கை வாழ வேண்டும் என்பதைத் தவிர எனக்குப் பெரிய ஆசை இருந்ததில்லை. அந்த அமைதி போன இலையுதிர் காலத்தில் வந்தது. ஆனால் வேறு வழியாக வந்தது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுநர்களுக்கு நடத்தும் காதுப் பரிசோதனையில் வெல்டா தேறவில்லை. பஸ் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அவள் வீட்டுக்கு வந்து, ஓட்டுநர் சட்டையை மடித்து வைத்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். குளிர்காலம் முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள், மச்சான். காதில் மாட்டும் கருவி வாங்கிக் கொடுத்தேன். அதை மாட்டினால் உலகமே பன்றிக்கறி வறுபடுகிற மாதிரி கேட்கிறது என்று சொல்லி, ஃபிரிட்ஜில் முட்டை வைக்கிற குழியில் வைத்துவிட்டாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. முட்டைகளுக்கு நன்றாகக் கேட்கும் என்று நினைக்கிறேன்.

அதற்கு மேல் கோயில் பாட்டுக் குழு. வெல்டா கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஒத்திகையில், குழுவை நடத்தும் லுவெல்லா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, முகத்துக்கு நேரே நின்று, வாயை நன்றாகத் திறந்து, "வெல்டா, இனிமே நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும், சரியா? சுருதி விலகுது" என்று சொல்லியிருக்கிறாள். நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பாள். வெல்டா என்னிடம் எதுவும் சொல்லவில்லை, குழுவில் இருக்கும் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு, "நீ போய்ட்டு வா, எனக்குக் காலு வலிக்குது" என்றாள். அதற்கடுத்த ஞாயிறும் கால் வலித்தது. வசந்தம் வரைக்கும் வலித்தது.

இப்படி இருக்கையில்தான் நான் ஒரு வார்த்தை சொன்னேன். பனி உருகின சமயம், பிக்கப்பில் கோழித் தீவனம் வாங்கிவரப் போனோம். எஞ்சினின் வலது பக்கத்திலிருந்து டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். கடிகாரத்தை விழுங்கிய குதிரை மாதிரி. நான் வெல்டாவின் தோளைத் தட்டி, "டிக் டிக்குங்குது" என்றேன். "எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றாள். அந்த "ஒண்ணும்" என்ற வார்த்தையை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு என்ன நினைத்தாளோ, ஓரமாக நிறுத்தி, மூடியைத் தூக்கி, ஓடுகிற எஞ்சினுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை நீட்டி, பாம்பைத் தேடுகிறவள் மாதிரி மெல்ல மெல்ல நகர்த்தினாள். ஓரிடத்தில் கை நின்றது. அவள் முகம், எப்படிச் சொல்வேன், உள்ளே யாரோ விளக்கேற்றின மாதிரி ஆனது. "வெடிச்சிருக்குய்யா எல்டன்! மேனிஃபோல்டு வெடிச்சிருக்கு! பொசுக்குப் பொசுக்குன்னு காத்து வந்து கையில அடிக்குது!" என்று கத்தினாள். யாருக்காவது லாட்டரி விழுந்தால்கூட இப்படிக் கத்தமாட்டார்கள்.

மேனிஃபோல்டு என்றால் என்ன என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தங்கள் தகப்பனாரின் கொட்டகையில் வளர்ந்தவர் தாங்கள். எனக்கு வெல்டா சாப்பாட்டு மேஜையில் உப்புக் குப்பியையும் கரண்டிகளையும் வைத்து விளக்கினாள். எஞ்சினின் இரண்டு பக்கமும் புகையை வாங்கி ஒரே வாயில் திணித்து வெளியே தள்ளும் கனத்த வார்ப்பிரும்பு. எல்லாப் புகையும் ஒன்றோடொன்று முட்டி மோதிக்கொண்டு போகும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக நீளக் குழாய், வளைந்து வளைந்து கீழே போய் ஒன்றாகச் சேருகிற மாதிரி மாட்டினால், அதற்குப் பெயர் ஹெடர். எஞ்சின் தாராளமாக மூச்சுவிடும். "அதே மாதிரி பழைய இரும்பே ஒண்ணு வாங்கி மாட்டிட்டா என்ன?" என்று கேட்டேன். என் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், தனக்குக் கேட்கவில்லை என்று சொன்னாள்.

பார்சல் வந்த அன்று, என் படத் துண்டுகளுக்கு நான் சொல்லிவைத்திருந்த புதுப் பலகைதான் வந்திருக்கிறது என்று சந்தோஷமாகப் பிரித்தேன். உள்ளே கருப்புக் குழாய்கள். கோயில் ஆர்கன் ஒன்று மாடியிலிருந்து விழுந்து பின்னிக்கொண்ட மாதிரி. வெல்டா அதைத் தூக்கிச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்தாள். பழைய மேனிஃபோல்டின் போல்ட்டுகளில் துருவை இளக்கும் எண்ணெய் ஊறுகிற வரைக்கும் அது அங்கேதான் இருந்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து முட்டைக்கோசும் இறைச்சியும் பொதிந்த ரன்ஸா ரொட்டி தின்போம். குழாய்களின் இடுக்கு வழியாகத்தான் அவள் முகம் எனக்குத் தெரியும். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த இடுக்கில் தெரிந்த முகம் மென்றுகொண்டே சிரித்தது. குளிர்காலம் முழுக்க நான் அதைப் பார்க்கவில்லை.

காலையும் மாலையும் அவள் போய் ஒவ்வொரு போல்ட்டுக்கும் எண்ணெய் விட்டாள், கைக்குழந்தைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி. பிறகு தீ ஊதிச் சூடாக்கினாள். பிறகு ஸ்பானரை மாட்டி, அதன் பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி, என்னை அதன் நுனியில் தொங்கச் சொன்னாள். எடை போட்டே காலம் கழித்த என்னை எடையாகவே பயன்படுத்தினாள். பெரும்பாலான போல்ட்டுகள் கிறீச்சென்று கதறிக்கொண்டு வந்தன. ஒன்று மட்டும் "பட்". தலை என் காலடியில் விழுந்தது, உடல் எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிட்டது. நான் வானத்தைப் பார்த்தபடி மண்ணில் கிடந்தேன். மேகங்கள் மிக அழகாக இருந்தன. வெல்டா குனிந்து பார்த்தாள். என்னை அல்ல, போல்ட்டை.

அந்த உடைந்த துண்டைத் துளைபோட்டு எடுக்கும் வேலை ஒரு நாள் முழுக்க நடந்தது. என் பங்குக்கு நான் டார்ச் பிடித்தேன். டார்ச் பிடிப்பதால் எத்தனை கல்யாணங்கள் முறிந்திருக்கும் என்று யாராவது ஆராய வேண்டும்.

"எங்க காட்டுற?"

"நீ கை வச்சிருக்கிற இடத்துல."

"என் கைய எனக்குத் தெரியாதா? நான் பாக்குற இடத்துல காட்டுய்யா!"

"நீ எங்க பாக்குறன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என்னது?"

"நீ எங்க பாக்குறன்னு..."

"முணுமுணுக்காத! வெளிச்சத்துல வந்து பேசு!"

வெளிச்சமே என் கையில்தான் இருந்தது. அதை என் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, சொன்னதையே மறுபடி கத்தினேன். வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகளுக்கு உப்புக்கட்டி வைத்துக்கொண்டிருந்த பக்கத்துப் பண்ணை டெல்மர் பொகோர்னி நிமிர்ந்து பார்த்து, "எல்டன், அவ சிலிண்டரத்தான் பாக்குறா, எனக்கே தெரியுது இங்கருந்து" என்றான்.

புதுக் குழாய்கள் லேசில் உள்ளே போகவில்லை. ஒன்று ஸ்டியரிங் தண்டில் இடித்தது, இன்னொன்று ஆயில் அளக்கும் கம்பியின் குழாயில் முட்டியது. எஞ்சினையே ஜாக்கி வைத்துக் கொஞ்சம் தூக்கி, ஒரு பக்கம் சாய்த்து, கீழேயிருந்து அவள் குழாயைத் திருகித் திருகி ஏற்ற, மேலேயிருந்து நான் அதைப் பிடித்து இழுக்க, தலைகீழாகப் பிறக்கிற கன்றை இழுக்கும் வேலை மாதிரி இருந்தது. ஒரு கட்டத்தில் அது வழுக்கிக்கொண்டு தன்னிடத்தில் போய் உட்கார்ந்தது. வண்டிக்கு அடியிலிருந்து வெல்டா பேசவில்லை. நான் பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். மல்லாந்து படுத்து, முகமெல்லாம் கரியோடு, அந்தக் குழாய்களைக் கட்டிலிலிருந்து நட்சத்திரம் பார்ப்பவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா இருந்தா சண்டை போட்டிருப்பாரு. லோவெல் இருந்தா கை தட்டியிருப்பான்" என்றாள். தங்களுக்கு அந்தப் பாராட்டை அப்படியே அனுப்பிவைக்கிறேன். ஆனாலும் என் கோரிக்கையில் மாற்றமில்லை.

முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோது புகை வந்தது. வந்தது என்றால், கொட்டகையே தெரியாமல் போனது. நான் ஓடிப்போய்த் தீயணைப்புக்குப் போன் செய்தேன். எங்கள் ஊர்த் தீயணைப்பு என்றால் டெல்மர்தான், அவனும் அவன் சம்பந்தியும். டெல்மர் தன் வயலை விட்டு ஊருக்குள் போய், சிவப்பு வண்டியை எடுத்துக்கொண்டு, மணியடித்துக்கொண்டு, தன் வீட்டையே தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தான். வந்து மோந்து பார்த்தான். "பெயிண்டு காயுதுய்யா எல்டன். புதுக் குழாயின்னா அப்படித்தான்." புகைக்குள்ளிருந்து வெல்டா இருமிக்கொண்டே, "யாரு, டெல்மரா? நல்ல நேரத்துல வந்த. இந்தப் பக்கம் ஒரு போல்ட்டு முறுக்கணும், உள்ள வா" என்றாள். அவனும் போனான். தீயணைப்பு வண்டி முற்றத்தில் வெறுமனே விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது.

சரி, இப்போது சத்தத்துக்கு வருகிறேன். ஹெடரின் வாயும் பழைய புகைக்குழாயின் வாயும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பட்டணத்தில் இருக்கும் சைலன்சர் கடைக்குப் போய் நடுவில் குழாய் வளைத்து வெல்டிங் வைக்க வேண்டும். அதுவரைக்கும் எஞ்சினின் புகை நேராக என் காலடியில் திறந்த வாயால் பாடிக்கொண்டு வரும். விடிகாலையில் கிளம்பினோம், ஆட்கள் எழுவதற்கு முன்னால் ஊரைத் தாண்டிவிடலாம் என்பது என் யோசனை. சாவியைத் திருப்பியதும் அந்த யோசனைக்கு அர்த்தமில்லாமல் போனது. எல்லோரும் எழுந்தார்கள். நாங்கள் போகப்போக இரண்டு பக்கமும் சமையலறை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன, யாரோ எங்களுக்காகத் தெருவில் விளக்கேற்றிவைக்கிற மாதிரி. டெல்மரின் பசுக்கள் வேலியோரமாக எங்களோடேயே ஓடிவந்தன. அந்தச் சத்தத்தில் எந்தக் காளையின் குரலைக் கேட்டனவோ தெரியவில்லை, கடைசி வேலி வரைக்கும் வந்து, கழுத்தை நீட்டிக்கொண்டு ஏக்கத்தோடு நின்றன. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஊர் தாண்டி ஆற்றோரச் சாலையில் இறங்கியபோது மூடுபனி. சாலை தெரியவில்லை, சாலையின் ஓரத்தில் இருக்கும் வெள்ளைக் கோடு மட்டும் பாலில் விழுந்த நூல் மாதிரி தெரிந்தது. வெல்டா வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்த வேகத்தில் எஞ்சினின் முரட்டுத்தனமெல்லாம் கரைந்து, ஒரே சீரான ரீங்காரமாக ஆனது. தரை வழியாக ஏறி, இருக்கை வழியாக முதுகில் நுழைந்து, நெஞ்செலும்புக்குள் ஒரு விரலை வைத்து மெல்ல அமுக்குகிற ரீங்காரம். காலடியில் நான் வைத்திருந்த ரன்ஸா பொட்டலம் சூடாகவே இருந்தது, அதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் அறுத்துப்போட்ட சோளக்காட்டில் கொக்குகள் நின்றன, வடக்கே போகிற வழியில் இங்கே இறங்கியிருக்கும் அந்தச் சாம்பல் கொக்குகள். நாங்கள் கடக்கக் கடக்க அவை பனிக்குள்ளிருந்து எழுந்தன. ஆயிரக்கணக்கில் இறக்கை. எஞ்சின் சத்தத்தில் அவற்றின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. வாயைத் திறந்து கத்துகின்றன என்று தெரிகிறது, ஒரு சத்தமும் கேட்கவில்லை. அப்போது எனக்குத் தோன்றியது, வெல்டாவுக்கு இந்தக் குளிர்காலம் முழுவதும் எல்லாமே இப்படித்தான் இருந்திருக்கும் என்று. வாய்கள் திறக்கின்றன, மூடுகின்றன.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவளுடைய வாயும் திறந்திருந்தது. ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துக் குனிந்து கேட்டேன். சொல்லவில்லை, மச்சான். பாடிக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸ் ஒத்திகையில் லுவெல்லா அவளை வாயை மட்டும் அசைக்கச் சொன்ன அதே பாட்டு. ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கை முன்பலகை மேல் விரித்தபடி. எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் கோயில் ஆர்கனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவன், சுருதி விலகினால் பல் கூசும். கூசவில்லை. அந்த எஞ்சினின் ரீங்காரத்தில் தன் குரலைச் சாய்த்துவைத்திருந்தாள், களைத்தவர் சுவரில் சாய்கிற மாதிரி. இம்மியும் விலகவில்லை. காதில் கேட்கவில்லை என்றால் என்ன, முதுகிலும் கையிலும் கேட்கிறது அவளுக்கு. பாட்டு முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "என்ன அப்படிப் பாக்குற? நல்லாயிருந்துச்சா இல்லியா?" என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பேசினால் அவள் உதட்டைப் படித்திருப்பாள், என் உதடு அப்போது படிக்கத்தக்க நிலையில் இல்லை.

சைலன்சர் கடைக்காரன் நல்ல மனிதன். நான் முந்திக்கொண்டு, இருப்பதிலேயே வாயில்லாப் பூச்சி சைலன்சராகப் போடச் சொன்னேன். வெல்டா பின்பக்கக் கதவில் உள்ளங்கையை வைத்து, "இங்க கை வச்சா தெரியணும். அவ்ளோதான் எனக்கு வேணும்" என்றாள். அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வண்டிய ஓட்டுறது யாரு?"

"அவதான்" என்றேன்.

"அப்ப நீங்க கொஞ்சம் காப்பி சாப்பிட்டுட்டு வாங்க சார்."

அவன் போட்டதற்குப் பெயர் சைலன்சர். அந்தப் பெயரை அதற்கு வைத்தவர் நகைச்சுவை உணர்வு உள்ளவராக இருக்க வேண்டும்.

இத்தோடு நின்றிருந்தால் நான் பொறுத்திருப்பேன். தினமும் சாயங்காலம் ஆற்றோரம் போய்ப் பாடிவிட்டு வந்தாள். நானும் கூடவே போனேன், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுத என் கை கூசுகிறது. "எனக்குக் காலு வலி போயிடுச்சு" என்று அறிவித்துவிட்டு, நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு, பிக்கப்பில் என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? நான் இறங்கி உள்ளே போய், எங்கள் பெஞ்சில் அவளுக்கு இடம் பிடித்து உட்கார்ந்தேன். அவள் வரவில்லை. பாட்டுக் குழு எழுந்து நின்றது. லுவெல்லா கையைத் தூக்கினாள். அப்போது பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே, லைலாக் செடிக்கு அந்தப் புறம், ஒரு இடி மெதுவாக உருண்டு வந்து நின்றது. நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. வெல்டா வண்டியை ஜன்னலுக்கு நேரே நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், எஞ்சின் வேகத்தைக் கூட்டும் சோக் குமிழை இழுத்து இழுத்துத் தனக்கு வேண்டிய சுருதி வரும்வரை ஏற்றி, கண்ணாடியை இறக்கிவிட்டு, வெளியே உட்கார்ந்தபடியே கீழ்க்குரல் பாடத் தொடங்கினாள்.

வெயில் நாள் என்பதால் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. மெழுகுவர்த்திச் சுடர்கள் நடுங்கின. முன்வரிசைக் கிழவர் ஒருவர் புயலென்று நினைத்துத் தொப்பியைத் தேடினார். லுவெல்லாவின் கை மேலேயே நின்றது, இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல். குழுவினர் பாதிப் பேர் அவளைப் பார்த்தார்கள், பாதிப் பேர் ஜன்னலைப் பார்த்தார்கள். பாட்டு முடிந்தது. எஞ்சின் முடியவில்லை. பாட்டு எப்போது முடிந்தது என்று வெல்டாவுக்கு எப்படித் தெரியும்? பாதிரியார் பிரசங்கத்தைத் தொடங்கினார். அன்றைய பிரசங்கம் மௌனத்தின் மகிமையைப் பற்றியது. அதில் ஒரு சொல்லும் யாருக்கும் கேட்கவில்லை. நான் எழுந்து, எல்லோருடைய முழங்கால்களையும் தாண்டி, வெளியே போய், வண்டியின் சாவியைத் திருப்பி அணைத்தேன். வெல்டா என்னை நிமிர்ந்து பார்த்து, "முடிஞ்சிடுச்சா? சரியா வந்துச்சா?" என்று ஆவலோடு கேட்டாள். சரியாகத்தான் வந்தது, மச்சான். அதுதான் கொடுமை. அவள் பாடியது மட்டும்தான் அன்றைக்குச் சரியாக வந்தது. மற்றவர்கள் எல்லோரும் சுருதி விலகிவிட்டார்கள். ஆனால் பாதிரியார் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன், வருகிற ஞாயிறும் அவள் வருவதாகச் சொல்லியிருக்கிறாள், வண்டியோடு.

ஆகவே மைத்துனர் அவர்களே, என் நிலைமையைத் தாங்கள் உணர வேண்டும். என் மேஜையில் படத் துண்டுகளை அடுக்கினால் அவள் வண்டி உள்ளே வரும்போது அவை தானாகக் குலைந்துபோகின்றன. படத்தில் இருக்கும் கலங்கரை விளக்கம் கடலுக்குள் போய்விடுகிறது. கோழிகள் முட்டையிடும் நேரத்தை மாற்றிவிட்டன. தெருவில் எங்களைப் பார்த்தவர்கள் கையாட்டுவதற்கு முன் காதைப் பொத்துகிறார்கள். வெல்டாவிடம் நேரடியாகச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அவள் முகம் இருக்கும் இருப்பில் சொல்ல மனசும் வரவில்லை. தாங்கள் அண்ணன். தங்கள் பாதியைக் கேட்க தங்களுக்கு உரிமை இருக்கிறது. தகப்பனாரின் நினைவாக வேண்டும் என்று சொல்லுங்கள், அழுதுகொண்டே சொன்னால் இன்னும் நல்லது. இழுத்துச் செல்லும் வண்டியோடு வாருங்கள். நான் எதுவும் அறியாதவன் மாதிரி வாசலில் நிற்பேன்.

தங்கள் துணைவியாரின் முட்டிவலி தணியவும், தங்கள் பக்கத்துப் புல்வெளிகளில் வேண்டிய அளவு மழை பெய்யவும், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் ஞாயிறுதோறும் தவறாமல் போன் செய்யவும் எல்லாம் வல்லவர் அருள்புரிவாராக. டெல்மர் தங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னான். சத்தமாகச் சொல்லச் சொன்னான்.

இப்படிக்கு,
தங்கள் மீது என்றும் மரியாதை குறையாத,
எல்டன் வோபோரில்

பி.கு.: மேலே எழுதியிருக்கும் எதையும் தயவுசெய்து செய்ய வேண்டாம். ஒட்டின உறையைக் கிழித்து இதைச் சேர்க்கிறேன். இன்று காலை கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பினேன், என் காரில் பேட்டரி செத்துக் கிடந்தது. வெல்டா கொல்லைப்புறம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் பிக்கப்பை எடுத்தேன். தபாலாபீஸ் வாசலில் நிறுத்த வேண்டும் என்றால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். கால் வரவில்லை, மச்சான். அப்படியே தாண்டிப் போய், ஊரைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தேன், மறுபடியும் தாண்டிப் போனேன். காதில் பஞ்சு வைக்க மறந்திருந்தேன். ஆற்றுப் பாலத்துக்குப் போகும்போது யாரோ பாடுகிற மாதிரி இருந்தது, பார்த்தால் நான்தான். நான் பாடினால் எப்படியிருக்கும் என்று தங்களுக்குத் தெரியும். பாலத்தில் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. போன இலையுதிர் காலத்திலிருந்து, நான் எப்போது வீட்டுக்கு வந்தாலும் வெல்டாவுக்குத் தெரியாது. பின்னால் போய் நின்று தோளைத் தொட்டால் தூக்கிவாரிப்போடும். கையில் இருந்த தட்டுகள் உடைந்திருக்கின்றன, சில சமயம் அழுதும் இருக்கிறாள். இன்று நான் முற்றத்தில் நுழைந்தபோது அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்வை உலர்த்திக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை. திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தி ஆட்டினாள். நான் இறங்கிப் போய் அவள் முகத்துக்கு நேரே நின்றேன்.

"பாலத்துல கியர் மாத்துனப்பவே கேட்டுச்சு" என்றாள். "நீதான்னு தெரிஞ்சுது. இவ்ளோ மோசமா கியர் மாத்துறவன் இந்த ஜில்லாவுல வேற யாருய்யா இருக்கான்?"